ஸ்பிரிங் தொட்டிலில் நடந்த கிராணி

என் பக்கத்து வீட்டு ஜெயபாலனைப் போல ஒரு சோம்பேறியை எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் வர வேண்டும், சோறு வர வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் செருப்பை எடுத்துப் போடக்கூட சமையலறையில் இருக்கும் சீதாவைக் கூப்பிடுவான். அவளும் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவாள். 

டவுனில் ஒரு ரப்பர் கிடங்கில் அவன் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வீட்டு வாசலில் பெச்சாவில், அந்த சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறினால் கிடங்கு வாசலில்தான் இறங்குவான். அங்கே நாற்காலி. சாயங்காலம் மறுபடியும் பெச்சா, மறுபடியும் நாற்காலி. மிதிக்கிற மனுஷனுக்கு நெஞ்சு வெடிக்கும், இவன் விசிறிக்கொண்டு வருவான். ஒரு நாள் மனது பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் தம்பி, கொஞ்சம் காலாற நடந்தா என்ன?"

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்ட நடந்தே செத்தாரு அக்கா. அவரு நடந்தது எங்க பரம்பரைக்கே போதும். கிராணின்னா உட்காரணும்."

இதைப் பெருமையாகச் சொன்னான். தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், கணேசமூர்த்தி என்று ஒரு டாக்டர் எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்தார். பெரியவர்கள் ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறோம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கிடக்கிறோம் என்று அளக்க வேண்டுமாம். சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர் கொடுத்தார். இடுப்பில் மாட்டிக்கொண்டால், எட்டு வைக்கும்போது உடம்பு குலுங்குகிற குலுங்கலில் முள் நகரும். எனக்கும் ஒன்று மாட்டினார். நான் உட்கார்ந்து மாவாட்டுவதையும் துணி கசக்குவதையும் அந்தச் சனியன் கணக்கிலேயே எடுக்காது என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு வாரம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டேன்.

டாக்டர் ஜெயபாலனுக்குப் பிரஷர் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"மிஸ்டர் ஜெயபாலன், இது ரொம்ப அதிகம். நீங்க நடக்காததுதான் காரணம்னு மீட்டர் காட்டுனா, உங்க கிடங்குக்கு எழுதித் தர்றேன். நாற்காலிய விட்டு நடமாடுற வேலைக்கு மாத்திடுவாங்க. இப்படியே விட்டா ஒரு பக்கம் இழுத்துக்கும்."

சீதா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் பேச்சு ஏறாத மண்டையில் டாக்டர் பேச்சாவது ஏறாதா என்ற ஆசை. அவனுக்கோ உயிரே போய்விட்டது. நாற்காலி போய்விட்டால் கிராணி எங்கே? கங்காணி மாதிரி கிடங்குக்குள் அலைய வேண்டுமே.

அதன் பிறகு வீட்டுக்குள் நடந்த கூத்தை, எல்லாம் முடிந்த பிறகு சீதா அழுதுகொண்டே சொன்னாள். அவர்கள் வீட்டு உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங் துணித் தொட்டில் தொங்கும். அடியில் இருக்கும் கயிற்றை இழுத்து விட்டால் குழந்தையோடு மேலும் கீழும் குதிக்கும். அந்தப் படுபாவி, மீட்டரைத் தன் இடுப்பிலிருந்து கழற்றித் தொட்டிலில் மாட்டிவிட்டான்.

"என்னங்க இது, டாக்டரை ஏமாத்தலாமா? உங்க உடம்புங்க."

"நீ பேசாம ஆட்டு."

அதோடு விட்டானா? வெளியே சொல்ல மாட்டேன் என்று பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். த்தூ, இவனெல்லாம் ஒரு தகப்பன். அவள் வாரம் முழுக்கக் கயிற்றை இழுத்தாள். அவன் எதிரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, முள் நகர்கிறதா என்று பார்த்தான்.

டாக்டர் திரும்பி வந்து மீட்டரைப் பார்த்து அசந்துபோனார். "உட்கார்ந்த வேலையில இருந்துகிட்டே இவ்வளவு நடக்கிறீங்களே. அப்ப நடை குறைச்சல் இல்ல, மாத்திரை போதும்," என்று கையைக் குலுக்கினார். கிடங்குக்கு எதுவும் எழுதவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஜெயபாலன் என்னைக் கூப்பிட்டு, "டாக்டரே என்னைப் பாராட்டிட்டாரு அக்கா," என்றான். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டு எப்படி நம்புவது என்று மட்டும் நினைத்தேன்.

தீபாவளிக்கு முன்னால் கிடங்கில் நாற்காலியிலேயே சரிந்துவிட்டான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அந்த நாற்காலியில் வேறொருவனை உட்கார வைத்துவிட்டார்கள். இதைக் காப்பாற்றவா இத்தனையும் செய்தான்?

வீட்டுக்கு அனுப்பும்போது, விழுந்த கையைத் தினமும் அசைக்க வேண்டும், விட்டால் மரத்துப்போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோனேன். சீதா அவனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தொட்டில் கயிற்றை அவன் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இழுங்க."

"முடியல சீதா. நீ ஆட்டேன்."

"அன்னிக்கு உங்களுக்காக நான் ஆட்டினேன். இன்னிக்கு உங்களுக்காக நீங்க ஆட்டுங்க."

அவள் குரல் உயரவே இல்லை. அவன் பல்லைக் கடித்தான். கை கொஞ்சம் நகர்ந்தது, ஸ்பிரிங் கிறீச்சிட்டது, தொட்டில் ஒரு விரற்கடை இறங்கி ஏறியது. அதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"போதும் சீதா," என்றான், "கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறேன்."

உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னான்.