கோரைக்குளத்துப் பறவைப் பட்டியல்

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே கோரைக்குளம் கிராமத்துப் பள்ளியில் செபஸ்தியம்மாள் அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமை தவறாமல் ஊர்க்குளத்துக்குப் போவாள். வந்திறங்கும் பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். எண்பத்தொன்றாம் வருஷம் நாற்பத்து மூன்று இனங்கள் பார்த்தாள். கூழைக்கடாகூட வந்திருந்தது.

மறுவருஷம் குளத்துக்கு மேற்கே தோல் பதனிடும் கம்பெனி ஒன்று, ஊர்ப்பேச்சில் தோல் ஷாப், வந்தது. தோல் கழுவிய தண்ணீரெல்லாம் ஓடை வழியே குளத்தில் இறங்கியது.

எண்பத்து நாலில் அந்தக் கம்பெனி மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் பள்ளிக்கு வந்தார்.

"குளத்தப் பத்திப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போடுவோம் டீச்சர். நீங்க எழுதுங்க, செலவு எங்களது. கரையில மரம் நடுறோம். ஸ்கூலுக்கு லேபும் கட்டித் தாறோம்."

குளத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் கழிவையும் நிறுத்திவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். ஆசை ஆசையாக எழுதினாள். கடைசிப் பக்கத்தில், இந்த வருஷம் பதினோரு இனங்கள்தான் வந்தன, ஓடை வாயில் தண்ணீர் சிவந்து மீன் செத்து மிதக்கிறது என்பதையும் மறைக்காமல் சேர்த்தாள்.

வெளியீட்டு விழா மேடையில்தான் அச்சான புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் பக்கம் இல்லை. பறவைப் பட்டியல் இருந்தது. அதன் தலையில் அவள் எழுதியிருந்த எண்பத்தொன்று என்ற வருஷம் இல்லை. அட்டையில் அவள் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. கீழே பிள்ளைகள் புத்தகத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்தன. லேபுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவளும் கை தட்டினாள். அப்புறம் கேட்கவே இல்லை.

இரண்டு வருஷத்தில் குளத்துக்குக் கீழே இருந்த விவசாயி சங்கிலியின் கிணறு உப்பாகிவிட்டது. தென்னைகள் குருத்துக் கருகிச் சாய்ந்தன. அவர் ஊரைக் கூட்டி மனுக் கொடுத்தார். திண்டுக்கல்லில் நடந்த விசாரணைக்குச் செபஸ்தியம்மாளும் நோட்டோடு சாட்சி சொல்லப் போனாள். முத்துக்கிருஷ்ணன் அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"உள்ளூர் டீச்சரே எழுதுனது சார். நாப்பத்து மூணு வகைப் பறவை வருதாம். கெட்ட தண்ணிக்கா வரும்?"

செபஸ்தியம்மாள் எழுந்தாள். "சார், அது பழைய பட்டியல். கடைசிப் பக்கத்த எடுத்துட்டாங்க." நோட்டை நீட்டினாள்.

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். "புத்தகம் வந்து ரெண்டு வருஷமாச்சேம்மா. யாருக்காவது இத எழுதிக் கொடுத்தீங்களா?"

அவள் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மனு தள்ளுபடியாயிற்று.

பஸ் ஸ்டாண்டில் சங்கிலி கோபப்படவில்லை. "ஒங்கள நம்பித்தானே டீச்சரம்மா வந்தோம். அப்பவே ஒரு வார்த்தை..." என்றவர் முடிக்காமல் பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை.

தை பிறந்ததும் சங்கிலி மாடுகளை விற்றுவிட்டு, மனைவி மக்களோடு பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார். கோடை விடுமுறையில் அவளும் எரியோட்டுப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டாள். அங்கேயும் பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. ஓய்வு பெறும்வரை அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.