இனோகேவுக்குப் போர்த்திய கொடி

ஃபிஜியில் எங்கள் நௌசோரிச் சந்தையில் ஆற்று மட்டிச் சிப்பி விற்கும் பெண்களில் விலிமைனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ரேவா ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்று, கால்விரலால் சேற்றைத் துழாவி, மூச்சை அடக்கி முங்கி, மட்டியை அள்ளிக்கொண்டு எழுவாள். எழும்போதே யாரையாவது திட்டிக்கொண்டே எழுவாள். வாய் நீளம், மனசு அதைவிடப் பெரியது. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தான். மட்டி விற்றே இரண்டு பையன்களை ஆளாக்கினாள். மூத்தவன் இனோகே பட்டாளத்துக்குப் போனான். இளையவன் பெனி பஸ் ஓட்டுகிறான்.

இனோகே லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்தபோது கண்ணிவெடியில் செத்தான். பெட்டியாகத்தான் வந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியின் மேல் ஃபிஜிக் கொடி போர்த்தியிருந்தது. வெளிர்நீலத் துணி, மூலையில் வெள்ளைக்காரன் கொடி, பக்கத்தில் கரும்பும் தேங்காயும் வாழைக்குலையும் புறாவும் போட்ட கேடயம். விலிமைனா அந்தத் துணியைத்தான் தடவித் தடவி அழுதாள். பிள்ளையின் முகம் என்று அவளுக்குக் காட்டப்பட்டது அது ஒன்றுதான்.

அடக்கத்தின்போது சிப்பாய்கள் கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வருகிற துணியும் பாயும் கூடத்தின் நடுவில் ஒரே குவியலாகச் சேரும். எல்லாம் முடிந்தபின் அந்தக் குவியலை உறவுமுறைப்படி பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். விலிமைனா அன்றைக்குத் தன் நினைவிலேயே இல்லை. கையில் துணி இருக்கிறது, துணி வைக்கிற இடம் குவியல். கொண்டுபோய் வைத்துவிட்டாள். தாய்வழிப் பங்கு கண்டாவுத் தீவிலிருந்து வந்த அவள் அண்ணன்மாருக்குப் போனது. பாய்களோடு பாயாகக் கொடியும் படகேறிவிட்டது.

அவளுக்கு உறைத்தபோது படகு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைவிடப் பெரிய மானக்கேடு எங்களிடம் இல்லை. அவள் கேட்கவில்லை. நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

வருஷம் முடிந்து துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியைக் களைகிற நாளில் கல்லறைக்குப் புதுத்துணி போர்த்துவது வழக்கம். மற்றவர்கள் பூப்போட்ட சீட்டி வாங்கினார்கள். விலிமைனா மகன்லால் துணிக்கடையில் ஒரு கொடி வாங்கிவந்து போர்த்தினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் இனோகே செத்த நாளன்று ஒரு புதுக் கொடி. பழையதை எடுக்க மாட்டாள். அதன் மேலேயே புதியதை விரிப்பாள். அப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்புறம்தான் ரேடியோவில் சொன்னார்கள், கொடியை மாற்றப் போகிறோம் என்று. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனின் அடையாளம் இனி எதற்கு, புதுக் கொடிக்குப் படம் வரைந்து அனுப்புங்கள் என்றார்கள். சந்தையில் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"ஆமை போடணுமாம், சங்கு போடணுமாம்," என்றாள் பக்கத்தில் சேப்பங்கிழங்கு விற்கும் அலிசி. "ஏண்டி, உன் மட்டியப் போடச் சொல்லி எழுதிப் போடேன். நாடே நாறும்!"

"போடி, உன் மூஞ்சியப் போட்டா எந்த நாட்டுக்காரனும் நம்ம பக்கம் கப்பல் விடமாட்டான்," என்றாள் விலிமைனா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மட்டி பாதிகூட விற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் பயம் என்னவென்று யாருக்கும் புரியவில்லை. கொடி மாறிவிட்டால் பழையதைக் கடையில் யார் விற்பார்கள்? தன் பிள்ளை மேல் எதைப் போர்த்துவது? புதுக் கொடியைப் போர்த்தினால் அது யாரோ வேறு ஒரு நாட்டுக்காரன் பிள்ளை மாதிரி ஆகிவிடாதா? இதைப் பெனியிடம் சொன்னாள். பெனி மாற்ற வேண்டும் என்கிற கட்சி.

"அந்த மூலையில இருக்கறது யாரு துணிம்மா? நம்மள ஆண்டவன் துணி. நம்ம தாத்தன் முதுகுல ஏறி உக்காந்தவன் துணி."

"உங்க அண்ணன் மேல கெடந்த துணிடா."

"புதுசப் போத்துனா அண்ணன் வேணாம்னா சொல்லப்போறான்?"

பெனி சொன்னது நியாயம்தான். எனக்கே அந்த மூலையைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனால் நியாயத்தை எந்த நேரத்தில், யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே! விலிமைனா அதன்பிறகு வெகுநாள் அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நங்கென்று வைப்பாள், அவ்வளவுதான்.

எந்தக் கொடி வரும் என்று தெரியாததால் மகன்லால் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். இருந்ததில் ஒன்றை விலிமைனா முன்கூட்டியே வாங்கித் துணிப்பெட்டியில் பாய்க்கு அடியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒலிம்பிக் வந்தது. ரக்பியில் எங்கள் பையன்கள் தங்கம் வாங்கினார்கள். நாடு வாங்கிய முதல் மெடலே தங்கம்! அதுவும் யாரைத் தோற்கடித்து? அந்த மூலைத் துணிக்காரனையே. ஊர் பைத்தியமாகிவிட்டது. கிழவர்கள் ரோட்டில் ஆடினார்கள், பஸ்கள் ஹாரனை நிறுத்தவே இல்லை. வெள்ளைக்காரனை அடித்து நொறுக்கிய சந்தோஷத்தில் வெள்ளைக்காரன் கொடி ஒட்டிய துணியையே எல்லோரும் வீசிக்கொண்டு திரிந்தார்கள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? கொஞ்ச நாளில் அரசாங்கமும் சொல்லிவிட்டது: இதே கொடிதான், மாற்றவில்லை.

"அடியே விலிமைனா! உன் கொடி பொழச்சுருச்சுடி!" என்று அலிசி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விலிமைனா அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கை மட்டி கூடுதலாக அள்ளிப் போட்டாள்.

விளையாட்டுக்காரர்கள் ஊர் திரும்பிய நாள் அவள் ஆற்றில் இருந்தாள். வீட்டுக்கு வந்தால் பெட்டி திறந்து கிடந்தது. பாய் இருந்தது, கொடி இல்லை. ஊர்வலம் பார்த்துவிட்டுப் பெனி தொண்டை கட்டி, முகமெல்லாம் நீலச் சாயத்தோடு வந்து சேர்ந்தான்.

"கொடி எங்கடா?"

அவன் முகம் செத்துப்போனது. "பஸ்ஸு முன்னாடி கட்டியிருந்தேன்மா. கண்டாவு மாமா பையன் வந்திருந்தான். ஊருக்குக் கொண்டுபோறேன், குடுன்னு கேட்டான்."

"குடுத்துட்டியா?"

"மாமா வழியில கேக்கறான்மா. எப்படி இல்லேன்னு சொல்றது?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மாமன் மகன் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அவளே வளர்த்த பிள்ளை, அவளே சொல்லிக்கொடுத்த முறை. முதல் கொடியும் அதே கண்டாவுக்குத்தானே போனது.

மறுநாள்தான் இனோகே செத்த நாள். காலையிலேயே கடைகடையாக ஏறி இறங்கினாள். எங்கும் இல்லை. மகன்லால் கையை விரித்தார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. ஊரே வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. இனிமே கொடி மாறாதுல்ல, அடுத்த மாசம் சரக்கு வந்துரும்."

"அவன் அடுத்த மாசம் சாகலையே ஐயா," என்றாள் விலிமைனா.

சீட்டித் துணி ஒன்றை எடுத்துக் காட்டப்போன மகன்லால் அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

வெறுங்கையோடு கல்லறைக்குப் போனாள். பின்னாலேயே பெனியும் வந்தான், பக்கத்தில் நிற்கத் துணிச்சலில்லாமல் தள்ளி நின்றான். போன வருஷத்துக் கொடி மழையிலும் வெயிலிலும் வெளுத்துக் கிடந்தது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, கேடயம் இருந்த இடம் தெரியவில்லை. மூலையில் இருந்த வெள்ளைக்காரன் கொடியும் போன இடம் தெரியவில்லை. அதைத் தூக்கினாள். அடியில் அதற்கு முந்தின வருஷத்துத் துணி, அதற்கும் அடியில் நூலும் மண்ணுமாக எத்தனையோ. கைக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்து ஓரமாக வைத்தாள்.

"அம்மா, என்ன பண்றே? விடும்மா," என்றான் பெனி.

அவள் விடவில்லை. கடைசியில் வெறும் மணல் தெரிந்தது. அடக்கம் பண்ணிய வருஷம் ஆற்றிலிருந்து அவளே கூடையில் சுமந்துவந்து கொட்டிய மணல். துணி போர்த்தத் தொடங்கியபின் அவள் அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் அதில் அழுத்தினாள்.

"எல்லாரும் சொல்றாங்கடா இனோகே, கொடி பொழச்சுருச்சாம்," என்றாள். "நானும் சிரிச்சேன். மட்டி அள்ளிக் குடுத்தேன்."

பெனி கிட்ட வந்து உட்கார்ந்தான். தோளைத் தொட்டான். அவள் அவனைத் தள்ளவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"துணியத்தான்டா பாத்தேன். இத்தன வருஷமும் துணியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பெட்டியத் தொறங்கடான்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டேனே. எப்படிக் கெடந்தாலும் எம் பிள்ளதானே, பாத்திருப்பேனே!"

பெனியின் முகத்தில் மிச்சமிருந்த நீலச் சாயம் கண்ணீரில் கரைந்து சட்டையில் இறங்கியது. விலிமைனா மணலிலிருந்து கையை எடுக்கவே இல்லை.