முற்றத்து முள்முருக்கு

பிள்ளைகளே, கிளித்தட்டு விளையாடக் கோடு கீற இடம் காணாது, முற்றத்தில் நிற்கும் முள்முருக்கு மரத்தை வெட்டித் தாருங்கள் என்று நேற்றும் கேட்டீர்கள். மாட்டேன் என்றேன். பெரியப்பு வீட்டுக்கு நாங்கள் ஏன் போவதில்லை என்று முன்பொருநாள் கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் கதை ஒன்றுதான். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

யுத்த காலம். திருகோணமலையில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த செய்தி வந்ததும் எங்கள் நீர்வேலிச் சனமெல்லாம் கலங்கிப்போனது. உங்களில் பெரியவனுக்கு அப்போது நாலு வயது, சின்னவள் கைக்குழந்தை.

"பச்சைப் பிள்ளையோடை இஞ்சை இருக்காதை. சிதம்பரத்திலை போய் இரு. வீட்டையும் வாழைத் தோட்டத்தையும் நான் பாக்கிறன்" என்று அண்ணைதான், அதாவது உங்கள் பெரியப்புதான், சொன்னார்.

அவர் சொல்லை நான் தட்டியதில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை அவர் கையில் கொடுத்தேன். வீடு என்னுடையதல்ல, உங்கள் அம்மாவுக்கு அவருடைய தகப்பனார் சீதனமாகக் கட்டிக்கொடுத்த கல்வீடு. நான் திறப்பைக் கொடுக்கும்போது அம்மா என் முகத்தைப் பார்த்தார். 

ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, அக்கரை சேர்ந்தோம். சிதம்பரத்தில் ஒரே அறை. அடுப்புப் புகை போக வழியில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சின்னவளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். ஊருக்கு வந்துவிடட்டுமா என்று அதையும் அண்ணைக்கு எழுதினேன்.

மாதம் ஒரு பதில் வரும். அண்ணைக்கு எழுத வராது. அவருடைய மகள் எழுதுவாள். அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போது மணலில் விரல் பிடித்து நான் பழக்கிய எழுத்து. "பள்ளிக்கூடம் பூட்டு. சந்தை கூடுவதில்லை. ஆவணி போகட்டும்" என்றிருக்கும். ஆவணி போனதும் தை பிறக்கட்டும் என்று வந்தது. ஒவ்வொரு முறையும் நான் கடிதத்தை வாசித்து முடிக்க, அம்மா கட்டி வைத்த மூட்டையை அவிழ்ப்பார்.

மார்கழித் திருவாதிரைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேர்வீதியில் கண்டேன். ஊரில் பயம் எப்படி என்று கேட்டேன்.

"என்ன பயம்? வெளிக்கிட முதல்நாளும் மருதனார்மடச் சந்தையிலை உங்கடை தோட்டத்துக் கதலி வாழைக்குலை கண்டனான்" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார்.

அண்ணைக்கு அறிவிக்காமல் அந்தக் கிழமையே திரும்பினோம். படலையைத் திறந்தால், முற்றத்து நடுவில் ஒரு முள்முருக்குத் தடி துளிர்த்து நிற்கிறது. கலியாண வீட்டில்தான் கன்னிக்கால் என்று அதை நாட்டுவார்கள்.

"எங்கடை வீட்டிலை ஆருக்குக் கலியாணம்?" என்றார் அம்மா.

கதவைத் திறந்தவள் அண்ணையின் மகள். கழுத்தில் புதுத்தாலி. "குஞ்சியப்பு" என்று என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெடியன்.

"வாருங்கோ மாமா, வாருங்கோ மாமி. இருங்கோ. உங்கடை வீடு போலை நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட அண்ணையிடம் கல்வீடு இல்லை. எங்கள் வீட்டை மகளின் சீதனமென்று காட்டி, ஆவணியில் இங்கேயே தாலி கட்டுவித்திருக்கிறார். நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று ஊருக்குச் சொன்னாராம். அவர் தனக்கொரு கல்வீடு கட்டி மகளை அதற்கு மாற்றும்வரை நாங்கள் அக்கரையிலேயே கிடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

நான் அவளிடம் "கடிதம்?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பு சொன்னார், நான் எழுதினன்" என்றாள்.

 அம்மாதான் அந்தப் பெடியனிடம் சொன்னார்: "தம்பி, இது என்ரை சீதன வீடு. நாங்கள் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

குரல் உயரவில்லை. அவன் பெண்சாதியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் அவன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளை அவன் கைவிடவில்லை என்பது மட்டும் எனக்கு ஆறுதல்.

பின்னேரம் அண்ணை வந்தார். ஒரு சொல்லாவது வருந்திச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இன்னும் ரண்டு மாசம் பேசாமல் இருந்திருந்தா என்ரை வீடு எழும்பியிருக்கும். என்ரை பிள்ளையின்ரை மானத்தை வாங்கிப்போட்டியள்" என்றார்.

"என்ரை பிள்ளை அங்கை வயித்தாலை போய்க் கிடந்தது உங்களுக்குத் தெரியுமெல்லோ அண்ணை?"

"திறப்பைத் தந்தது ஆர்? நீதானே" என்று சொல்லி, திறப்பை அந்த முள்முருக்குத் தடியின் அடியில் எறிந்துவிட்டுப் போனார். அதன்பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு தடியைத் தோண்டிக் கிளப்பப் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அது அந்தப் பிள்ளையின்ரை கன்னிக்கால். பட்டுப்போனா அவளுக்குக் கூடாது. நிக்கட்டும்" என்றார்.

கடிதங்கள் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கின்றன. எழுத்து மணி மணியாகத்தான் இருக்கிறது. மரத்தை வெட்ட வேண்டுமென்றால் அம்மாவைக் கேளுங்கள். நான் ஒருமுறை அலவாங்கோடு போய்த் திரும்பி வந்தவன்.