எஸ்தர் அக்கா விசாரித்துக்கொண்டே இருந்த விமானம்

எஸ்தர் அக்கா இன்று காலை போய்விட்டார்.

அவருடைய மகள் ஷீபா போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா..." என்றாள்.

தொண்ணூறுகளில் கோவை அவிநாசி ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்சி. டிக்கெட் கவுண்டரில் நாங்கள் இரண்டு பேர். அக்கா சீனியர். நான் சேர்ந்த முதல் நாளே, "சாப்புட்டுப்போட்டு வந்தியா கண்ணு?" என்று கேட்டவர்.

விமானத் தொழில் பற்றிய ஓர் ஆங்கில இதழ் எங்கள் ஆபீஸுக்கு வரும். வேறு யாரும் பிரிக்கக்கூட மாட்டார்கள். அக்கா மட்டும் வந்த உடனே எடுத்து உட்கார்ந்துகொள்வார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நடுத்தர அளவில் புது ஜெட் விமானம் கட்டப் போகிறதாம்... நம்மூர் மாதிரி சின்ன ரன்வேயில் இறங்குமாம், வளைகுடாவிலிருந்து ஒரே மூச்சில் பறந்து வருமாம். எல்லாமே 'வருமாம், பறக்குமாம்' கதைதான். கம்பெனி வாயைத் திறக்கவில்லை. யாரோ கற்பனையாக வரைந்த ஒரு படம் மட்டும் போட்டிருந்தார்கள்.

ஏர்லைன்ஸ் ஆட்கள் யார் வந்தாலும் அக்கா இதைத்தான் விசாரிப்பார். "ஏனுங்க, அந்தப் புது பிளேன் வந்தா நம்மூர்ல எறங்குமுங்களா?"

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சேல்ஸ்காரர் சிரித்தேவிட்டார். "மேடம், அது இன்னும் பேப்பர்லயே சரியா வரல. அதுக்குள்ள நீங்க கோயமுத்தூர்ல எறக்கிட்டீங்களே!"

அக்காவும் சிரித்தார். அந்த ஆள் படி இறங்கிப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "வராதுன்னு சொல்லலையே கண்ணு?"

எதற்கு இந்தப் பிளேன் பைத்தியம்... ஒரு நாள் மத்தியானம், கவுண்டரில் ஆள் இல்லாத நேரம், கேட்டுவிட்டேன்.

சொன்னார்.

அவர் கணவர் செல்வராஜ் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், 'நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குது, ஊருக்கே வந்து காட்டிக்கறேன்' என்று போனில் சொல்லியிருக்கிறார். அக்காதான் டிக்கெட் போட்டார். கோவைக்கு நேராக விமானம் கிடையாது. கோழிக்கோடு வரை விமானம், அங்கிருந்து டாக்சி. அக்காவே போய்க் கூட்டி வந்திருக்கிறார்.

வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. கண்ணுக்கு எதிரே தமிழ்நாடு. டாக்சி நகரவில்லை.

"'நம்மூர்க் காத்து வருது பாரு அம்மணி'ன்னாரு. கண்ணாடிய எறக்கி உட்டேன். அப்புறம் பேச்சில்ல."

அக்கா அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரா இங்க எறங்கியிருந்தா இந்நேரம் கஸ்டம்ஸ் முடிச்சு வெளிய வந்திருப்பாரு. பீளமேடு ஏர்போர்ட்ல இருந்து ஆஸ்பத்திரி என்ன தூரமா கண்ணு?"

இந்நேரம் என்றார். அந்நேரம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறை அந்த இதழ் வரும்போதும் அவர் கணவரை மறுபடி விமானத்தில் ஏற்றிவிடுகிறார். சீட் அதிகம் வைக்கப்போகிறார்கள் என்று வதந்தி வந்தால், "அப்ப ஓரத்து சீட்டு கெடைச்சிரும். அவருக்குக் காலை நீட்டோணும்" என்பார். எஞ்சினை மாற்றப் போகிறார்கள் என்று வந்தால், "சத்தம் கம்மியாத்தான் இருக்கும். தூங்கிட்டே வருவாரு."

அந்தக் கவுண்டரில் அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பயமாக இருந்த நாட்கள் உண்டு.

அப்புறம் ஒரு இதழின் மூலையில் சின்னதாக ஒரு செய்தி. கம்பெனி அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. ஒரு விமானம்கூடக் கட்டவில்லை.

அக்கா படித்தார். மூடி வைத்தார். ஹேண்ட்பேகை எடுத்துக்கொண்டு, "ஏர்போர்ட் வரைக்கும் வாரியா கண்ணு?" என்றார்.

மத்தியான பம்பாய் பிளைட் வந்து இறங்கியது. அக்கா வெளியே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூட்கேஸ்கள், மாலைகள், குழந்தைகள்... எல்லோரும் கார் ஏறிப் போனார்கள். டிராலிகளை அடுக்குகிற ஆள் மட்டும் மிச்சம்.

"அவ்வளவுதானுங்களா?" என்று அவரிடம் கேட்டார் அக்கா.

"எல்லாரும் வந்தாச்சுங்கம்மா."

அக்காவின் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார். "கல்லு வெக்கோணும் கண்ணு. இன்னும் வெறும் மண்ணாத்தான் கெடக்குது."

அவர் கணவருக்கு அதுவரை கல்லறை கட்டவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த மாதமே கட்டினார். கருமத்தம்பட்டியில். ஷீபா ஸ்கூல் யூனிஃபார்மோடு நின்றாள். ஜெபம் முடிந்ததும் அக்கா, "பசிக்குது கண்ணு" என்றார். ரோட்டோர மெஸ்ஸில் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு அவர் எந்த விமானத்தைப் பற்றியும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

பல வருடம் கழித்து நம்மூரிலிருந்தே ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் வந்தது. போன் போட்டுச் சொன்னேன். "சரி கண்ணு" என்று வைத்துவிட்டார்.

கடைசியாகப் பார்த்தது போன கிறிஸ்துமஸுக்கு. கேக்கை வெட்டிக்கொண்டே பேரனின் குறும்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. பேச்சை நிறுத்திவிட்டார். அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கத்தியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பிறகு, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்.

நாளை காலை அடக்கம். கருமத்தம்பட்டியிலேயே. பழைய ஆபீஸ் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் வந்துவிடுங்கள்.

பாத்துப் போங்க அக்கா...