ஏழாம் குஞ்சு இறங்காத குளம்

இதை நம்புங்கள் என்று யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நான் விலங்கியல் படித்தவள். பார்த்ததை நேரம் போட்டு எழுதிவை, பார்க்காததை எழுதாதே என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அன்று நடந்ததையும் அப்படித்தான் நேரம் போட்டு எழுதிவைத்தேன். இத்தனை நாள் யாரிடமும் காட்டாததற்குக் காரணம் பயம் பாதி, வெட்கம் பாதி.

கல்லூரியில் கடைசி வருடம். வெளிநாட்டில் எட்டு வாரப் பயிற்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தோழி. அவள் உயரத்தைப் பார்த்து வகுப்பே அவளை ஒட்டகம் என்று கூப்பிடும், அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். அழிந்துகொண்டிருக்கும் ஒரு வகைப் பெருங்கொக்கின் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விடுவதுதான் அங்கே வேலை. "கொக்கு தலையில வெண்ணெய் வைக்கவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்?" என்றார் அப்பா. விமான டிக்கெட்டையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

போய் இறங்கிய இடம் ஒரு சதுப்பு நிலம். இரண்டு தகரக் கொட்டகை, மீன் வைக்கும் குளிர்பெட்டி, நாங்கள் படுக்க ஓர் அறை. கொட்டகைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயர வேலி. வேலிக்குள்ளே நாணல், நடுவில் ஒரு குளம். அந்த இடத்துக்குப் பொறுப்பு ஒரு கால்நடை மருத்துவர். அவரை நாங்கள் டாக்டரம்மா என்றே சொல்வோம். அவரோடு சேர்த்து மொத்தம் மூன்றே பேர்.

அந்தக் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த நாள் முதல் மனித முகத்தைப் பார்க்கக்கூடாது, மனிதக் குரலைக் கேட்கக்கூடாது. கேட்டுப் பழகிவிட்டால் மனிதரையே தாய் என்று நினைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பறவையைக் காட்டில் விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான். அதனால் வேலிக்குள் போகிறவர்கள் உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி போட்டுக்கொள்ளவேண்டும். முகத்துக்குக் கறுப்பு வலை. வலது கையில் கொக்கின் தலையைப் போலச் செய்த பொம்மை. அதன் அலகால்தான் மீனை எடுத்து ஊட்டவேண்டும். இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர், தாய்க்கொக்கு குஞ்சைக் கூப்பிடும் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். குர்ர்ர்... குர்ர்ர்... ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் உள்ளே 'டிக்' என்று ஓர் ஓசை.

முதல் நாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு இதைப் பாத்தேன்னா அங்கயே செத்தேன்" என்றாள் ஒட்டகம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உள்ளே பேச்சுக்கே இடமில்லை என்பதால் ஓர் ஏற்பாடு இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர் மரக்கதவை இரண்டு தடவை தட்டவேண்டும். உள்ளே இருப்பவர் பக்கத்திலிருக்கும் ஏதாவது கம்பத்தில் ஒரு தடவை தட்டினால் வரலாம். தட்டாவிட்டால் வெளியிலேயே காத்திருக்கவேண்டும்.

குஞ்சுகள் மொத்தம் ஏழு. காலில் எண் போட்ட வளையம், அந்த எண்தான் பெயர். எட்டாவது வாரம் வந்தபோது என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. பறக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் ஒரு பாடம் பாக்கி. இந்தக் கொக்குகள் தண்ணீரில் நின்றபடிதான் தூங்கும். நரி வந்தால் தண்ணீர் சலசலக்கும், தப்பிக்கலாம். தரையில் தூங்கும் கொக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே தினமும் பொழுது சாயும்போது அங்கியோடு குளத்தில் இறங்கி நிற்கவேண்டும். தாய் நிற்கிறாள் என்று நம்பிக் குஞ்சுகளும் பின்னால் இறங்கும்.

ஆறு இறங்கின. ஏழு மட்டும் இறங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். நாலாவது வாரம் அதற்குக் கால் சுளுக்கியிருந்தது. தனியாக ஒரு தடுப்பில் வைத்து நான்தான் ஊட்டினேன். எனக்கும் வீட்டு நினைப்பு. வாய் சும்மா இருக்கவில்லை. தமிழில் பேசினேன். தம்பியைப் பற்றி, அம்மாவைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் மெதுவான குரலில் பேசினேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து மற்ற குஞ்சுகளோடு விட்டபோது ஏழு அங்கியைச் சட்டை செய்யவே இல்லை. குரல் எங்கே என்று தேடியது. நான் ஆசையாகச் செய்தது அதற்கு வினையாக முடிந்தது.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவரே ஒரு நாள் சொன்னார், "நாளைக்குக் காலைல வந்து பாக்குறேன். ஏழு தண்ணில நிக்கலைன்னா கூண்டுக்கு அனுப்பிடுவோம்."

ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு மாலை.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லவேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பு, பொழுது சாயும் வேளையில், குளத்துக்கு அந்தப் பக்கம் நாணல் ஓரத்தில் ஒரு வெள்ளை அங்கி நின்றது. ஒட்டகம்தான் உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதவு தட்டிய சத்தம் கேட்கவில்லையே என்றும் நினைத்தேன். எங்கள் அங்கிகள் முழங்கால் வரை சேறு, நெஞ்சு முழுக்க மீன் கறை. அது மட்டும் அப்போதுதான் துவைத்துக் காயப்போட்டது போல இருந்தது.

அதன் குர்ர்ர் சத்தத்தில் 'டிக்' இல்லை.

அன்று சாப்பிடும்போது கேட்டேன், "உன் ஸ்பீக்கரை மாத்திட்டியா?"

"நான் எங்கடி உள்ள வந்தேன்? அந்த நேரத்துல மீன் வாளி கழுவிட்டு இருந்தேன்."

விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். அப்போதே சுதாரித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

6.42. தனியாக உள்ளே போனேன். டாக்டரம்மா கொட்டகையில் இருந்தார். ஒட்டகம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. குளத்தின் மேல் பனி மெல்லப் படர ஆரம்பித்திருந்தது. ஏழு குஞ்சுகளும் கரையில் நின்றன. ஆனால் எப்போதும் போல என்னிடம் ஓடிவரவில்லை. எல்லாம் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

6.55. நானும் பார்த்தேன். குளத்துக்குள், சுமார் இருபது அடி தள்ளி, வெள்ளை அங்கி நின்றது. கணுக்கால் அளவு தண்ணீரில்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தவிப்பது தெரிந்து ஒட்டகம் துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள், இரண்டு பேர் நின்றால் ஏழு ஒருவேளை இறங்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அது பொம்மைத் தலையை மெல்ல ஆட்டியது. அலகைத் தண்ணீரில் வைத்து எடுத்தது. வா என்று நாங்கள் குஞ்சுக்குக் காட்டும் சைகை. ஆறு குஞ்சுகளும் உடனே இறங்கின. வரிசையாக... சத்தமே இல்லாமல்.

ஏழு என் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

நான் இறங்கினேன். கணுக்கால். முழங்கால். அந்தக் குளத்தில் எங்கே நின்றாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது. வாராவாரம் அளந்து எழுதுவதே நான்தான்.

தொடை வரை வந்தது.

நேற்று பெய்த மழை என்று நினைத்தேன். பிறகுதான் நேற்று மழையே பெய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அது இன்னும் கணுக்கால் தண்ணீரில்தான் நின்றது. என்னைவிடப் பத்தடி உள்ளே. அங்கியின் ஓரம்கூட நனையவில்லை.

பொம்மைத் தலை ஆடியது. வா...

இடுப்பு வரை.

7.03. எனக்குப் பின்னால், மரக்கதவில்...

டொக். டொக்.

ஒட்டகம். அனுமதி கேட்கிறாள்.

அப்படியானால் என் எதிரே நிற்பது...?

நான் தட்டவில்லை. கையை அசைக்கக்கூட முடியவில்லை.

எதிரே நின்றது தன் அலகைத் தூக்கியது. தண்ணீரில் நட்டிருந்த கம்பத்தில் ஒரே ஒரு தட்டு.

டொக்.

கதவு திறந்தது. கீச்ச்...

திரும்பிப் பார்த்தேன். கரையில் ஒரு வெள்ளை அங்கி. முகத்தில் கறுப்பு வலை. முன்னால் திரும்பினேன். அங்கேயும் அதே. இரண்டும் பேசவில்லை. பேசக்கூடாது, அதுதானே சட்டம். இரண்டில் எது என் தோழி?

ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஏழு குஞ்சுகளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. நான் வாயைத் திறந்தால் எட்டு வார உழைப்பும் பாழ். ஏற்கனவே ஒன்றைக் கெடுத்தவள், மிச்ச ஆறையும் கெடுப்பதா? சிரிக்காதீர்கள், சாகப்போகிற நேரத்திலும் அதுதான் மனதில் ஓடியது.

கீழே கால் வைத்த இடத்தில் தரை இல்லை.

"ஒட்டகம்!"

அலறிவிட்டேன்.

"என்னடி? என்னடி ஆச்சு?" சத்தம் பின்னாலிருந்து வந்தது.

முன்னால் நின்றது பேசவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தது. ஏழு என் பேச்சைக் கேட்கும்போது சாய்ப்பது போலவே...

அதன் வலைக்குப் பின்னால் முகம் இல்லை. இருட்டு என்று சொல்லமாட்டேன். வலையின் ஓட்டைகள் வழியே அந்தப் பக்கத்து நாணல் தெரிந்தது.

7.11. ஒட்டகம் என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கரையில் விழுந்தோம். ஏழு, என் குரலைக் கேட்டு ஓடிவந்து, என் மடியில் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது குளத்தில் பனி மட்டும்தான் இருந்தது.

அங்கியும் இல்லை. ஆறு குஞ்சுகளும் இல்லை.

டாக்டரம்மா டார்ச்சோடு ஓடிவந்தார். விடிய விடியத் தேடினோம். வேலியில் ஓட்டை இல்லை. ஓர் இறகு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சேற்றில் ஒரு கால்தடம் இல்லை. காலையில் கம்பை எடுத்துக்கொண்டு குளம் முழுக்க நடந்து அளந்தேன். எங்குமே முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை.

ஒட்டகத்திடம் தனியாகக் கேட்டேன், "நீ என்ன பாத்தே?"

"உன்னை மட்டும்தான். ஒண்ணுமே இல்லாததைப் பாத்துக்கிட்டு இடுப்பளவு தண்ணில நின்னுட்டு இருந்தே."

"அப்ப நான் தட்டாம நீ எப்படி உள்ள வந்தே?"

"தட்டுனது நீ இல்லையா?"

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழிடம் ஒரு வாரம் பேசியதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஏழாம் குஞ்சைக் கூண்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஆறைப் பற்றி 'வேட்டை விலங்கு' என்று எழுதினார். வேறு என்ன எழுதுவார்? ஏழு வண்டியில் ஏறும்வரை என் குரலைத் தேடிக் கத்தியது. என் வாய்தான் என்னைக் காப்பாற்றியது, அதே வாய்தான் அதைக் கூண்டில் அடைத்தது. இன்றுவரை இந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

நாங்கள் ஊர் திரும்பினோம். தேர்வு எழுதினோம். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை என்று பேசாமலே ஒப்பந்தம்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பகலில், பத்தே முக்காலுக்கு, டாக்டரம்மா போன் செய்தார்.

"உனக்கு ஒரு நல்ல செய்தி. ஆறும் உயிரோட இருக்கு. தெற்க ஒரு பெரிய ஏரில குளிர்காலக் கணக்கெடுப்பு நடந்துச்சு. வளையம் ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும், அத்தனையும் படிச்சு அனுப்பியிருக்காங்க."

நான் அழுதேவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் கோவென்று அழுதேன். அழுது முடித்த பிறகுதான் படிப்பு நினைவுக்கு வந்தது. அந்த ஏரி ஆயிரம் மைல் தூரம். இந்த வகைக் கொக்குக்கு வழி தானாகத் தெரியாது. தாய் முன்னால் போனால்தான் குஞ்சு பின்னால் போகும்.

"அதுங்களை யார் கூட்டிட்டுப் போனது?" என்றேன்.

"அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஊர்லதான இருக்கீங்க?"

"ஆமா... ஏன்?"

"கணக்கெடுக்குறவங்க கோபமா எழுதியிருக்காங்க. உங்க ஆள் ஒருத்தர் தினமும் சாயங்காலம் வெள்ளை அங்கியோட குஞ்சுகளோட நிக்கிறார், கூப்பிட்டாலும் திரும்பறதில்ல, உடனே திரும்பக் கூப்பிட்டுக்கோங்கன்னு."

"எங்க நிக்குதாம்?"

"ஏரி நடுவுல. படகுல போய்க் கயித்துல கல்லைக் கட்டி விட்டுப் பாத்திருக்காங்க. முப்பதடிக்கு மேல போயும் தரை தட்டலையாம். ஆனா அவர்..."

"சொல்லுங்க."

"கணுக்கால் தண்ணில நிக்கிறாராம்."