இடது சில்லும் கிழக்கு முகமும்

கண்டாவளையில் நெல் ஏற்றும் லொறி ஒன்றுக்கு நான் சாரதியாக இருந்தேன். என் கைக்கு வண்டி சொன்னபடி கேட்கும் என்று ஊருக்கே தெரியும். அந்த லொறி, பிரேக்கை மிதித்தால் வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருநாள் வண்டியை வயலுக்குள் இறக்கித் தப்பினார். முதலாளி தேநீர்க் கடையில் ஆட்கள் முன்னே பழியை என்மேல் போட்டார்.

"உனக்குக் கள்ளு கூடிப்போச்சு. வாற கிழமை வவுனியாவில இருந்து வேற ட்ரைவர் வாறான்."

கள்ளை நான் வாயில் வைத்ததே இல்லை. வந்த கோபத்தில் அன்றே முன் சில்லுகள் இரண்டையும் கழற்றினேன். வலது பிரேக்கின் லைனிங், அதுதான் உரசிச் சில்லை நிறுத்தும் பட்டை, ஆணி தெரியத் தேய்ந்திருந்தது. இடது லைனிங் புதிதாகவே இருந்தது. வலதுக்கு முன்பும் ஒருதடவை புது லைனிங் அடித்தோம். சில மாதத்தில் மறுபடி இதே கோலம். குற்றம் தேய்ந்த பக்கத்தில் இல்லை, தேயாத பக்கம்தான் வேலை செய்யவில்லை என்று எனக்குப் பட்டது. அது பட்டதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் பெருமைதான்.

இடது சில்லின் பிரேக் சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே ஒரே துரு; பிஸ்டன் அசையவில்லை. எப்படி வந்தது இவ்வளவு துரு? வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி தானே லொறியைக் குளத்து ஓரத்தில் இறக்கிக் கழுவி, கற்பூரம் காட்டுவார். லொறி கிழக்கு முகமாகத்தான் நிற்க வேண்டும். குளமோ வடக்கே, லொறியின் இடப்பக்கம். அதனால் எப்போதும் இடது சில்லுகளே தண்ணீருக்குள் ஊறிக் கிடந்தன.

துருவைப் போக்கி, ரப்பரை மாற்றி, இரு பக்கமும் புது லைனிங் அடித்தேன். புது ட்ரைவர் வந்த அன்று அவரையும் முதலாளியையும் ஏற்றிக்கொண்டு பரந்தன் றோட்டில் விரட்டினேன். ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து இரு கையையும் எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன்.

"ஐயோ, பிடியடா!" என்று முதலாளி அலறினார்.

லொறி இம்மியும் விலகாமல் நேராக நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எங்க முதலாளி கள்ளு?" என்று கேட்டுவிட்டு, குளத்துக் கதையைச் சொன்னேன்.

"கிழக்கை மாத்தேலாது" என்றார் முதலாளி.

"மாத்த வேண்டாம். கரையில நிப்பாட்டி வாளியால அள்ளி ஊத்துவம்."

அவர் புது ட்ரைவரிடம் திரும்பினார். "குறை நினையாதேயும் தம்பி. உம்மைப் பஸ்ஸில ஏத்தி விடுறம்." பிறகு என்னிடம் சொன்னார்: "போற வழியில தேத்தண்ணிக் கடையடியில நிப்பாட்டு. அங்க வைச்சுத்தான் உன்னைக் குடிகாரன் எண்டு சொன்னனான். நானே இறங்கி, பிழை என்ரை எண்டு சொல்லுறன்."