மேடு ஏறாத கார்

அத்தை எங்களுக்குக் கொடுத்த கார் அதிகம் ஓடாத கார். மைல் மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "புதுப் பொண்ணு மாதிரி இருக்கு, அத்தான்" என்று மாமா மகிழ்ந்துபோனார். அந்தப் புதுப் பெண் மேட்டைக் கண்டால் மட்டும் முனக ஆரம்பித்துவிடுவாள்.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அங்கே கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. அம்மாவின் தம்பியான மாமா கப்பல் பட்டறையில் பிட்டர். கல்யாணமாகாததால் எங்களோடுதான் சாப்பாடு. எஞ்சின் என்று ஒன்று எதற்குள் இருந்தாலும் அதன் நாடி தனக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

அத்தை, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. நீ சூன் என்ற இடத்தில், இப்போது ஈசூன் என்று அடுக்குமாடிகள் நிற்கிற பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். கார் அவருடைய கணவர் ஜப்பான் சண்டைக்குச் சற்று முன்பு வாங்கியது. ஜப்பான்காரர்கள் ஊரில் கார்களைப் பறிக்கத் தொடங்கியதும் அவர் சக்கரங்களைக் கழற்றி ஒளித்துவிட்டு, காரைக் கொட்டகையில் தள்ளி, மேலே விறகு அடுக்கிவிட்டார். பிறகு ஒரு நாள் அரிசி தேடி ஜோகூருக்குப் போனவர் திரும்பவே இல்லை. பத்திரப்படுத்தி வைப்பதாகச் சொல்லி அவர் வாங்கியிருந்த அத்தையின் நகைகளையும் காணவில்லை. அத்தை வீட்டைச் சுற்றி மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்துச் சலித்துப்போனார்.

நகையோடு எவளையோ கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று ஊர் சொன்னது. மலாக்காவில் பார்த்ததாகக்கூட ஒருவர் சொன்னார். அப்பா அதை நம்பவில்லை. ஜப்பான்காரர்கள் வழியில் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போயிருப்பார்கள், போனவர்களில் பாதிப் பேர் செத்ததுபோல் அவரும் செத்திருப்பார் என்பது அவர் எண்ணம். அதை ஒரு முறை வாய்விட்டுச் சொன்னதற்கு அத்தை அப்பாவை வாசலோடு அனுப்பிவிட்டு, நெடுநாள் பேசாமல் இருந்தார். அத்தைக்குத் தன் கணவர் "அந்த ஆளு"தான். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும், பக்கத்து அறையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் போலத் திட்டிக்கொண்டே இருப்பார்.

கொட்டகைக் கூரை இடிந்து விழப் பார்த்தபோது, "அந்தச் சனியனை எடுத்துக்கிட்டுப் போங்க, என் கண்ணுல படவேணாம்" என்று காரை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

மாமா வேறு சக்கரமும் புது டயரும் பேட்டரியும் போட்டார். எஞ்சின் உயிர் பெற்ற அன்று குடியிருப்பே கூடி நின்று பார்த்தது. சமதரையில் கார் ஒழுங்காகத்தான் போனது. மேட்டில் மாமா பெடலைத் தரையோடு மிதித்தாலும் வேகம் கூடாது. காய்கறிக் கூடை கட்டிய சைக்கிளில் ஒரு சீனர் எங்களைத் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாமா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் பிளக்குகள்தான் காரணம் என்று அவற்றைத் தேய்த்துப் போட்டார். பிறகு கார்புரேட்டர். அதன்பின் பெட்ரோல் டாங்கியைக் கழற்றிக் கழுவி, வந்த துருவை ஒரு தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். ஒவ்வொரு தடவையும் "இப்பப் பாருங்க" என்பார். நாங்கள் பார்ப்போம். கார் மேட்டின் பாதியில் முனகும். பின்னால் உட்காரும் அம்மா மட்டும் வேறொன்று சொல்லிக்கொண்டே இருந்தார்: "எனக்குக் கால் சுடுதுடா." அதற்கு மாமாவிடம் ஒரே பதில்தான். "காருன்னா சூடாத்தான்க்கா இருக்கும்."

தீபாவளித் துணி வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் ரோட்டுக்குக் கிளம்பினோம். எனக்குப் பச்சைப் பாவாடை என்று முடிவாகியிருந்தது. நீ சூனை நெருங்கியபோது அம்மா அலறினார். அவர் காலடியில் கிடந்த பாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மாமா காரை அத்தை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் குதித்து இறங்கினோம்.

மாமா கீழே படுத்து எட்டிப் பார்த்தார். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயின் நடுவே, பெரிய டின் மாதிரி உருளையாக ஒரு சைலன்சர் இருக்கும். அது கொதித்துக்கொண்டிருந்தது. "பொகை போவ வழியில்ல. எங்கயோ அடைச்சிருக்கு. மூச்சு விட முடியாம எப்படி மேடு ஏறும்?" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தபடியே காரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ஆளு வாங்குன வண்டி அந்த ஆளு மாதிரிதானே இருக்கும். பாதி வழியில விட்டுட்டுப் போவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முறைத்தார்.

மாமா சைலன்சரைக் கழற்றி முற்றத்தில் வைத்து, அதன் முனைத் தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் திருகினார். உள்ளே இருக்க வேண்டிய தடுப்புத் தகடுகளைக் காணவில்லை. அவற்றின் இடத்தில் கம்பி சுற்றிய ஒரு சிகரெட் டின் கன்னங்கரேலென்று செருகப்பட்டிருந்தது. உருவி எடுத்தபோது உள்ளே ஏதோ குலுங்கியது. மூடி இறுகியிருந்ததால் மாமா திருப்புளியால் நெம்பினார்.

கருகிய துணித் துகள் பறந்தது. அதற்குள் ஒரு சங்கிலி, தோடு, இரண்டு மோதிரம், குண்டுமணியோடு ஒரு தாலி. புகை படிந்திருந்தாலும் மாமாவின் விரல் பட்ட இடம் மஞ்சளாக மின்னியது.

காருக்குள்ளே தங்கம்! நாங்கள் இத்தனை நாள் அதன் மேல் உட்கார்ந்தா போய்க்கொண்டிருந்தோம்! நான் துள்ளிக் குதித்து, "அத்தை, உங்க நகையா? உங்க நகையா?" என்று கத்தினேன்.

அத்தை கையிலிருந்த காப்பிக் குவளை கீழே விழுந்தது. கிட்டே வந்தார், ஆனால் டின்னைத் தொடவில்லை.

"அப்ப அவரு எடுத்துக்கிட்டுப் போவலையா?"

அவரு என்று அத்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை தனக்குத்தானே சொல்வதுபோலத் தொடர்ந்தார்.

"எங்க வச்சீங்கன்னு கேட்டேன். ஒனக்குத் தெரிஞ்சா ஜப்பான்காரனுங்க ஒன்னைய அடிச்சுக் கேப்பானுங்க, தெரியாம இருக்கிறதே நல்லதுன்னாரு. பொய் சொல்லிட்டுப் போயிட்டாருன்னு நெனைச்சேன். இத்தனை வருசமும் பொய்யின்னே நெனைச்சேன்."

பிறகு அத்தை கிணற்றடிக்கு நடந்தார். வாளி வாளியாக இறைத்து, கட்டிய சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். நெற்றிப் பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. அம்மா ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தார். அதன் பிறகுதான் அத்தையின் குரல் வந்தது. ஒரு மனிதரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று நான் நினைத்ததில்லை. மாமா திருப்புளியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா அத்தையோடு தங்கிவிட்டார். கடைக்குப் போகவில்லை, அந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளியே இல்லை என்றார்கள். சைலன்சரை மாட்டிக்கொண்டு அப்பாவும் மாமாவும் நானும் வீடு திரும்பினோம். கார் பறந்தது. வழியிலிருந்த மேட்டையெல்லாம் முனகாமல் ஏறியது. நான் ஜன்னலில் தலையை நீட்டிக் காற்றை விழுங்கினேன். கார் சரியாகிவிட்டது, தொலைந்த நகை கிடைத்துவிட்டது, இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

"யாருப்பா செத்துட்டாங்க?" என்று கேட்டேன். அப்பா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு ஊரில், யாரோ ஒருத்தியுடன், தான் திட்டுவதற்காகவாவது உயிரோடு இருந்த ஒரு மனிதரை அத்தை அன்று காலையில்தான் பறிகொடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் பச்சைப் பாவாடை போனதற்காக அழ ஆரம்பித்தேன்.